புதியவரும் அவையும்

நுழையும்முன்

கலை, விளையாட்டு, பொழுதுபோக்கு என எதுவாயினும், அதில் ஈடுபாடு கொண்டோர் ஒன்றுகூடுமிடத்தில் ஓர் அவை உருவாகிவிடுகிறது. அவ்வவைக்குள் முதன்முறையாகக் காலடி வைப்பவரை, முன்னரே அமர்ந்திருப்போர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதைப் புதுச்சேரியின் இலக்கிய வரலாற்றைக் கொண்டு இப்பாடம் ஆராய்கிறது.

அவையடக்கம் யாருக்கு?

நூல் இயற்றத் தொடங்கும் புலவர் அவையோரிடம் பணிவு காட்டுவது தமிழ் மரபு. இதனை அவையடக்கம் என்பர். இராமன் கதையைப் பாடப் புகுந்த தம் முயற்சியைப் பாற்கடலை நக்கிக் குடித்துவிட எண்ணும் பூனையின் ஆசையோடு ஒப்பிட்டார் கம்பர். திருக்குறளிலும் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து உள்ளன. இரண்டும் பேசப் புகுபவனுக்குக் கூறப்பட்டவை; கேட்க அமர்ந்திருப்போர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் இல்லை.

அவையோரைப் பற்றி வழங்கும் கதைகளோ அச்சமூட்டுபவை. பிழைபடப் பாடுவோரின் தலையில் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன், காதை அறுப்பதற்கு வில்லிபுத்தூரார், தலையையே வெட்டுவதற்கு ஒட்டக்கூத்தர் எனப் பிற்காலத் தனிப்பாடல் ஒன்று மூவரை வரிசைப்படுத்துகிறது. இவை வரலாறு அல்ல, கதைகளே. ஆயினும் அப்பாடல் அம்மூவரையும் பழிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. அவர்கள் இல்லாமற்போனதால் புல்லறிவாளர் எல்லாம் புலவராகிவிட்டனர் என்றே அது வருந்துகிறது. தாம் நுழைந்த பிறகு வாயில் அகன்றுவிட்டது என்னும் மனக்குறை பழமையானது. மதுரைச் சங்கப் பலகை பற்றிய கதை இதற்கு மாறானது. ஒரு சாண் அளவே உடைய அப்பலகை, தகுதியுடைய ஒருவர் வரும்போதெல்லாம் நீண்டு இடமளித்ததாம். அங்கே தகுதி ஆராயப்பட்டது. தகுதி கண்டபின் இடம் விரிந்தது.

புதுச்சேரியில் ஒரு திருமண வீடு

ஆங்கிலேய அரசின் அடக்குமுறைக்குத் தப்பி, 1908ஆம் ஆண்டு பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாதலின் அவரை ஆங்கிலேயர் நேரடியாகக் கைதுசெய்ய இயலவில்லை. 1910இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் அங்கு வந்து சேர்ந்தனர். இவர்களைக் கண்காணிப்பதற்கென்றே ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள் அவ்வூரில் தங்கியிருந்தனர். நண்பராகப் பழக வருபவர் ஒற்றராகவும் இருக்கலாம். ஆகவே புதிய முகத்தை ஐயுறுவதற்கு அக்குழுவினருக்கு உண்மையான காரணம் இருந்தது. இன்றைய பொழுதுபோக்குக் குழு எதற்கும் அத்தகைய காரணம் இருப்பதாகக் கூற இயலாது.

அந்நாளில் அவ்வூர் இளைஞர் ஒருவர், முறையாகத் தமிழ் கற்றுப் புலமைத் தேர்வில் முதன்மை பெற்று, பிரெஞ்சு அரசின் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றிவந்தார். 1891இல் பிறந்த அவர் பெயர் கனக சுப்புரத்தினம். தெருவில் செல்லும் பாரதியாரைத் தோற்றத்தால் அவர் அறிந்திருந்தார், பெயரால் அறியவில்லை. இரவிவர்மா தீட்டிய சிவபெருமான் படத்தை ஒத்த முகம் என்று தமக்குள் வியந்ததுண்டு. வேணு நாயக்கர் என்பாரின் திருமணத்தில், கூடியிருந்தோர் வேண்ட, சுப்புரத்தினம் பாரதியின் நாட்டுப்பாடல்களைப் பாடினார். பாடி முடித்தபின்னரே, பாடலை இயற்றியவர் அவையிலேயே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரிந்தது. பாரதியார் அவரைத் தம் இல்லத்துக்கு வருமாறு அழைத்தார்.

தொடர்ந்து நிகழ்ந்ததே நமக்கு முதன்மையானது. சுப்புரத்தினமும் கவி புனைவார் என்பதை அறிந்த பாரதியார், நண்பர்கள் முன்னிலையில் பாடலொன்று இயற்றுமாறு அவரைப் பணித்தார். இதுவும் ஒரு தேர்வுதான். இளைஞரின் நெஞ்சு படபடத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. சக்தியைப் போற்றி அவர் இயற்றிய பாடலைப் பாரதியார் சென்னையிலிருந்து வெளிவந்த சுதேசமித்திரன் இதழுக்கு அனுப்பிவைத்தார். தம்முடைய கவிதா மண்டலத்தைச் சார்ந்தவர் எழுதியது என்னும் குறிப்பையும் தம் கைப்பட உடன் எழுதினார். மண்டலம் என்று சொல்லத்தக்க அமைப்பு எதுவும் அப்போது இருந்ததாகத் தெரியவில்லை. உறுப்பினர் பட்டியலோ விதிமுறையோ கட்டணமோ இல்லை. அக்குறிப்பே மண்டலத்தையும் அமைத்து, அதில் அவருக்கு இடமும் அளித்தது எனலாம்.

கனக சுப்புரத்தினம் பின்னர்ப் பாரதிதாசன் ஆனார். அதுவரை பண்டிதர் நடையில் எழுதிவந்த தாம் பாரதியைக் கண்டபின் எளிய நடைக்கு மாறியதாக அவரே பதிவு செய்துள்ளார். பாரதி மறைந்து 14 ஆண்டுகளுக்குப் பின், 1935இல், அவர் தொடங்கிய கவிதை இதழின் பெயர் ‘ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்’.

மகாகவியா எனும் வினா

புதியவரை வரவேற்ற பாரதிக்கே அவையில் இடம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. அவருடைய எளிய சொற்களைக் கண்டு, இது கவிதையாகுமா எனப் பண்டிதர் பலர் முகம் சுளித்தனர். 1930களின் இடைப்பகுதியில், பாரதி மகாகவியா என்பது பற்றிய விவாதம் இதழ்களில் சூடுபிடித்தது. புதுச்சேரியில் பாரதியோடு பழகிய வ. ரா., அவர் மகாகவியே என்று வாதிட்டார். கல்கி அதற்கு உடன்படவில்லை. கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய ‘கண்ணன் என் கவி’ என்னும் திறனாய்வு நூல் இவ்விவாதத்தில் விளைந்த நன்மை. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பும் பணியை முன்னின்று நடத்தியவர் அதே கல்கி என்பதும், அம்மண்டபம் 1947இல் திறக்கப்பட்டது என்பதும் அறியத்தக்கன.

இக்கதை இத்துடன் முடியவில்லை. 1959இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். ந. பிச்சமூர்த்தி முதலியோரின் புதுக்கவிதைகள் அதில் வெளிவந்தபோது, யாப்பில்லாதது கவிதையாகாது என்று மரபுக்கவிஞர் பலர் மறுத்தனர். அரை நூற்றாண்டுக்கு முன் பாரதியை நோக்கி எழுந்த அதே வினா, இப்போது பாரதியைப் போற்றியவர்களிடமிருந்தே எழுந்தது.

இணைய அவைகள்

இன்று ஒளிப்படக்கலை, சதுரங்கம், நிரலாக்கம், நாணயம் சேகரித்தல் என எவ்விருப்பமாயினும் அதற்குரிய குழு இணையத்தில் உண்டு. முகம் காணாமல் பேசுமிடமாதலின் ஏளனம் அங்கே எளிதில் நிகழ்கிறது. திருமண வீட்டில் நேருக்குநேர் கூறத் தயங்கும் சொல்லைக் கைப்பேசியில் தட்டச்சு செய்யத் தயக்கம் எழுவதில்லை.

யூஸ்நெட் என்பது உலகளாவிய வலை பரவுவதற்கு முன்பே இயங்கிய கலந்துரையாடல் வலையமைப்பு. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேரும் புதிய மாணவர்கள் அதில் நுழைவர். அவர்களுக்கு வழக்கங்களைக் கற்பிப்பதில் மூத்தோர்க்குச் சில வாரங்கள் கழியும். 1993ஆம் ஆண்டு வாக்கில் வணிக நிறுவனங்கள் பொதுமக்களுக்கும் அவ்வாயிலைத் திறந்துவிட்டமையால் புதியவர் வருகை ஆண்டு முழுவதும் நீண்டது. ‘முடிவில்லாச் செப்டம்பர்’ என்று மூத்தோர் சலித்துக்கொண்டனர். அச்சலிப்பை முற்றிலும் தவறென்று தள்ளிவிட முடியாது. கேட்ட வினாவையே நூறாவது முறையும் கேட்டு, ஊதியமின்றி விடையளிப்பவருக்குக் களைப்பு வருவது இயல்பே.

ஆனால் அக்களைப்பு இகழ்ச்சியாக மாறும்போது இழப்பு குழுவுக்கே நேர்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்புடன் தொகுப்போர் எண்ணிக்கை 2007இல் உச்சத்தை எட்டிப் பின்னர்ச் சரிந்தது. காரணம் தேடிய ஆய்வாளர்கள், நல்லெண்ணத்துடன் எழுதவந்த புதியவர்களின் முதல் முயற்சிகள் உடனுக்குடன் நீக்கப்பட்டதே முக்கியக் காரணங்களுள் ஒன்று எனக் கண்டனர். அந்நீக்கங்களுள் பலவற்றைச் செய்தவை, விசமத் திருத்தங்களைத் தடுப்பதற்காக அமைக்கப்பட்ட தானியங்கி நிரல்களும் கருவிகளும் ஆகும். தரத்தைக் காக்க எழுப்பிய வேலி, எழுத வந்தவரையும் வெளியே நிறுத்திவிட்டது. நிரலாளர்களின் வினா-விடைத் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, தன் அவை புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்பதை 2018இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, தன்னார்வலர் உழைப்பால் 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அங்கு ஒற்றுப்பிழை மலிந்த கட்டுரையொன்றை எழுதும் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு இருவகை எதிர்வினைகள் நேரலாம். மூத்த தொகுப்பாளர் ஒருவர் அதனை நீக்கிவிட்டு, தமிழ் கற்றுக்கொண்டு வருக என்று எழுதலாம். அல்லது பிழைகளைத் திருத்தி, திருத்தியதற்கான காரணத்தைக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் குறிக்கலாம். இரண்டாவதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் தேவைப்படும். சுதேசமித்திரனுக்கு அனுப்பிய தாளில் அக்குறிப்பை எழுதப் பாரதியாருக்கும் அவ்வளவு நேரமே ஆகியிருக்கும்.

கற்பவை கற்றபின்

நீங்கள் அண்மையில் சேர்ந்த விளையாட்டு, கலை அல்லது இணையக் குழு ஒன்றில் உங்களுக்கு முதலில் கிடைத்த மறுமொழியை எழுதி, அதனைக் கூறியவரின் நிலையிலிருந்து ஒரு பத்தி அமைக்க.

புதுச்சேரி ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த இல்லமும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த இல்லமும் இன்று நினைவில்லங்களாக உள்ளன. அவற்றுள் ஒன்றைக் கண்டோ அதுபற்றிப் படித்தோ வகுப்பறையில் உரையாற்றுக.