சிங்கியின் சல்லாச் சேலை

"டீச்சர், நாயக்கர் காலத்துல ஆர்மோனியம் எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

திருக்குற்றாலக் குறவஞ்சியை நடித்து நாங்கள் போட்ட முதல் வீடியோவைப் பார்த்துவிட்டு இலஞ்சியிலிருந்து போனில் பேசிய பெரியவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை, இதைத்தான் கேட்டார். வாழ்நாளெல்லாம் நாகஸ்வரம் வாசித்தவர். வீடியோவின் முகப்பில் 'முன்னூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தபடியே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். பின்னணியில் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தக் கருவி 1840-களில் பாரிஸில் உருவம் பெற்றது. நம் நாடக மேடைக்கு அது வந்து சேர்ந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. குறவஞ்சி எழுதிய கவிராயர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க முடியாது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் ஊர் மேலகரம். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவிக்குப் போகும் அவசரத்தில் பஸ் ஜன்னல் வழியாகவே கடந்துவிடும் ஊர். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்தது இங்கேதான். உ.வே.சா. தம் வாழ்க்கை வரலாற்றில் உருகி உருகி எழுதிய திருவாவடுதுறை ஆதீனத் தலைவர், மேலகரம் சுப்பிரமணிய தேசிகரும் இந்த ஊர்க்காரரே. திருக்குற்றாலக் குறவஞ்சிக்காகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தவர் மதுரை மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர். அவர் ஆண்டது 1706 முதல் 1732 வரை. அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் வந்தது. இவ்வளவு இருந்தும், நான் இருபது வருடமாக வகுப்பில் குரங்குகள் கொஞ்சும் அந்த மலைவளப் பாட்டை நடத்தி, அருஞ்சொற்பொருள் கேட்டு, மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். அது ஆடவும் பாடவும் நடிக்கவும் எழுதப்பட்டது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் இதை நாட்டிய நாடகமாக ஆக்கினார். அது பெரிய சாதனை, அதன் அழகு வேறு. எங்கள் ஆசை அதைவிடச் சின்னது. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த ஊர்ச்சனங்கள் அன்றைக்கு எதைப் பார்த்திருப்பார்கள், எதைக் கேட்டிருப்பார்கள்? இரண்டே காட்சிகள் போதும் என்று முடிவு செய்தோம். குறத்தி சிங்கி, தலைவி வசந்தவல்லிக்குக் குறி சொல்வது ஒன்று. சிங்கியும் அவள் கணவன் சிங்கனும் மறுபடி சந்தித்துப் பேசிக்கொள்வது மற்றொன்று.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க் காட்சிகளை நடத்திக்காட்டுகிறவர்களிடம் 'பத்தடி விதி' என்று ஒன்று உண்டு. பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது சரியாகத் தெரிந்தால் போதும் என்பது அந்தக் கணக்கு. நுணுக்கம் பார்க்கிறவர்கள் அங்கேயே அதை ஒப்புக்கொள்வதில்லை. கோயில் திடலில் ஆடுகிறவர்களுக்கு அது ஓரளவு செல்லும். வீடியோவுக்குச் செல்லவே செல்லாது. கேமரா ஒரு அடி தூரத்துக்கு வந்துவிடுகிறது. பார்க்கிறவர் நிறுத்தி, பெரிதாக்கி, மறுபடி பார்க்கிறார். எங்கள் முதல் வீடியோவை நானே அப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வசந்தவல்லியின் தோளில் ஊக்கு மின்னியது. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு. சிங்கனின் மணிக்கட்டில் வாட்ச் கட்டிய வெள்ளைத் தடம். சிங்கி கட்டியிருந்த ஆர்ட் சில்க் சேலை விளக்கொளியில் தகரம்போல் பளபளத்தது. குறி கேட்கும் இடத்தில் போட்ட கோலம் கல்மாவில் போட்டது. அரிசி மாவில் அவ்வளவு வெள்ளை வராது.

அந்த வீடியோவை அழித்துவிடலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். நான் மறுத்தேன். தலைப்பிலிருந்து அந்த 'முன்னூறு ஆண்டு' வாசகத்தை எடுத்துவிட்டு, பிழைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டி, ஏன் பிழை என்று நானே பேசி இன்னொரு வீடியோ போட்டோம். எங்கள் வீடியோக்களில் இன்றுவரை அதிகம் பேர் கடைசிவரை பார்த்தது அதைத்தான். இப்படிப்பட்ட வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இது: முடிந்த காட்சியை மட்டும் காட்டாதீர்கள், அதற்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதையும் காட்டுங்கள். நல்ல சேலையை யாரும் கட்டிவிடலாம். இந்தச் சேலைதான் என்று எப்படித் தெரிந்தது என்பதை எடுத்துச் சொல்லும்போதுதான் ஜனங்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சேலை விஷயத்தில் எங்களுக்கு வழி காட்டியவர் கவிராயரே. சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் அந்த உரையாடலைப் பலரும் வெறும் வேடிக்கை என்று நினைக்கிறார்கள். சிங்கன் அவள் காலிலிருந்து தொடங்குகிறான். காலில் பாம்பு கிடக்கிறதே என்று பயந்துபோய்க் கேட்கிறான். சேலத்துப் பக்கம் குறி சொல்லி வாங்கிய சிலம்பு என்கிறாள். அப்படியே ஒவ்வொரு நகையாகக் கேள்வி மேலே ஏறுகிறது. வாழைக் குருத்து மடிந்து கிடப்பதுபோல் இருக்கிறதே என்று அவன் உடையைக் கேட்க, திருநெல்வேலிக்காரர்கள் கொடுத்த சல்லாச் சேலையைக் கொசுவி உடுத்தியிருக்கிறேன் என்கிறாள். சல்லா என்றால் மெல்லிய துணி. அந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இருபது வருடமாக நான் பாடம் நடத்திய நூலுக்குள் முழு உடைப் பட்டியல் இருந்திருக்கிறது. துணி என்ன, எந்த ஊரில் கிடைத்தது, எப்படிக் கட்டுவது, காலில் என்ன, கையில் என்ன, எல்லாம் வரிசையாக.

பாட்டு மட்டும் போதாது என்று கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போனோம். அங்கே தூண்களில் குறவனும் குறத்தியும் நிற்கிறார்கள். அணிகளையும் துணி மடிப்பையும் நோட்டில் வரைந்துகொண்டோம். அந்தக் கல் நம் கவிராயருக்கு முந்திய காலத்தது, அதனால் அதையே முடிவான சாட்சியாக எடுக்கக் கூடாது. குற்றாலத்துச் சித்திரசபைச் சுவரோவியங்கள் முன்னாலும் இரண்டு காலைப் பொழுது பென்சிலோடு நின்றோம். பாட்டு, கல், ஓவியம் மூன்றும் ஒத்துப்போகிற இடத்தில் தைரியமாகச் செய்தோம். ஒத்துப்போகாத இடத்தில் பாட்டின் பக்கம் நின்றோம். கடைசியில் வீரவநல்லூர்த் தறிச் சேலை ஒன்று, மெல்லிய பருத்தி, அமைந்தது. அதை வாங்கப் போனது, கஞ்சி போகத் துவைத்தது, கொசுவம் நிற்காமல் நான்கு தடவை கட்டிப் பார்த்தது எல்லாவற்றையும் படம் பிடித்தோம்.

தீர்க்க முடியாதவையும் இருந்தன. ஏட்டில் ராகம், தாளம் குறித்திருக்கிறது. அன்று பாடிய மெட்டு நம் கைக்கு வரவில்லை. பாடிய மரபும் ஆடிய மரபும் அறுந்துபோயின. எனவே மெட்டு நாங்கள் அமைத்தது என்று பாடத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறோம். நடிக்கும் பெண் ரவிக்கை போட்டுக்கொள்வது அவளுடைய வசதிக்காக, அதையும் சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் விட்டால்தான் மற்றதிலும் சந்தேகம் வரும்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களை அதிகம் அலைக்கழித்தது அதுதான். குற்றாலக் குறவஞ்சியை அருவிக்கரையில் எடுக்காமல் வேறெங்கே எடுப்பது என்று ஆனி மாதச் சாரலில் பேரருவிப் பக்கம் போனோம். அருவி இரைச்சலில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாரலில் மத்தளத்தோல் தொய்ந்துபோய், அதை வாசிக்கும் அண்ணாச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சீசனில் எடுக்காதீர்கள். தை, மாசியில் அருவி மெலிந்திருக்கும், கூட்டமும் இருக்காது. பாட்டையும் பேச்சையும் சுவர் சூழ்ந்த வளவுக்குள் பதிவு செய்யுங்கள். அருவிச் சத்தத்தைத் தனியே எடுத்துவந்து மெல்லிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். காட்சியை எடுக்கும் போன் தூரத்தில் இருக்கட்டும். ஒலிக்கு இன்னொரு போனைப் பாடுகிறவர் அருகே, கூடைக்குள்ளோ தூணுக்குப் பின்னாலோ மறைத்து வையுங்கள். தொடங்கும்போது ஒரு கைத்தட்டு தட்டினால் இரண்டையும் பிறகு பொருத்துவது எளிது.

வெளிச்சமும் அப்படித்தான். விளக்கு ஒன்றை ஏற்றிவைத்து எடுத்தால் போன் தானாகவே இரவைப் பகலாக்கிவிடும், மஞ்சள் ஒளியை வெள்ளையாகத் திருத்திவிடும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒளியளவு பூட்டிக்கொள்ளும். பிறகு அதைச் சற்று இறக்குங்கள். வெளிச்சம் போதாவிட்டால் எல்.இ.டி. வைக்கத் தோன்றும், வேண்டாம். கேமராவுக்குத் தெரியாத இடத்தில் அதே இலுப்பெண்ணெய் விளக்குகளை இன்னும் நாலைந்து ஏற்றுங்கள். முகத்தில் நிழல் அசைவதைப் பார்த்த பிறகுதான், அந்தக் காலத்து ஆட்டத்தில் கண்ணும் கையும் ஏன் அவ்வளவு பெரிதாகப் பேச வேண்டியிருந்தது என்று எனக்கே புரிந்தது.

தலைப்பு வைப்பதில் நாங்கள் எதிர்பாராத சங்கடம் ஒன்று வந்தது. 'குறவன், குறத்தி' என்ற சொற்களைப் போட்டால், அந்தப் பெயரில் திருவிழா மேடைகளில் நடந்த ஆபாச ஆட்டங்களின் வரிசையில் எங்கள் வீடியோவும் போய் நின்றது. அந்த ஆட்டங்கள் குறவர் சமூகத்தை எவ்வளவு காயப்படுத்தின என்பது ஊரறிந்தது. 2023-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெயரில் அவர்களை இழிவுபடுத்தும் நிகழ்ச்சிகளுக்கு எதிராக உத்தரவிட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்து குறவன் குறத்தி ஆட்டத்தை நீக்கியது. முழங்காலுக்கு மேல் ஏறிய பாவாடையை அந்த மேடைகள் போட்டுவிட்டன. கவிராயர் உடுத்திவிட்டது கொசுவம் வைத்த சல்லாச் சேலை. சரித்திரத்தைச் சரியாகச் செய்வது அழகுக்காக மட்டும் அல்ல என்று நான் உறுதியாக நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

தலைப்பில் நூலின் பெயரையும் ஊரின் பெயரையும் வைத்தோம். ஆனால் தலைப்பை மாற்றிவிட்டால் போதுமா? யாருடைய பெயரில் நடிக்கிறோமோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று உறுத்தியது. அந்தச் சமூகத்துப் பாட்டி ஒருவரைத் தேடிப்போய், எடுத்ததைப் போனில் காட்டினேன். முதலில் அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "எங்க பேரச் சொல்லி ஆடுனது போதும் தாயி" என்றார். சேலைக் கதையைச் சொன்னேன், கவிராயர் சிங்கியின் வாயால் மலையின் பெருமையை எப்படிப் பாடவைத்திருக்கிறார் என்பதையும் சொன்னேன். பிறகு வாங்கிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். "கூடையைத் தலைக்கு ஏத்தாதீக, இடுப்புல வைங்க. குறி சொல்லையில கேக்குறவ கண்ணப் பாக்கணும். இவ போனப் பாத்துல்லா சொல்லுதா!" அந்தக் காட்சியை முழுக்க மறுபடி எடுத்தோம். இப்போது எந்த வீடியோவும் அவர் பார்க்காமல் வெளியே போவதில்லை. அவர் வேண்டாம் என்று சொன்ன ஒரு பகுதியை, எனக்கு மிகவும் பிடித்தது என்றாலும், எடுத்துவிட்டேன்.

வீடியோ வெளியிடும் விதத்தில் நான் கற்றவை சில. முதல் பத்து நொடியில் பெயர்ப் பலகையும் இசையும் போடாதீர்கள். சிங்கன் பயந்துபோய்க் காலைக் காட்டிக் கேட்கும் கேள்வியிலேயே தொடங்குங்கள், பார்க்கிறவர்கள் பதில் தெரிந்துகொள்ள இருப்பார்கள். முழுக் காட்சியை ஒரு நீளப் படமாக வையுங்கள். அதிலிருந்து சிலம்பு ஒன்று, கோலம் ஒன்று, விளக்கு ஒன்று என்று ஒரு பொருளுக்கு ஒரு நிமிடமாகக் குறும்படங்கள் வெட்டுங்கள். குறும்படம் ஆளைக் கூட்டிவரும், நீளப் படம் உட்காரவைக்கும். பாட்டு வரியைத் திரையில் போடுவதோடு இன்றைய தமிழில் பொருளும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் சேருங்கள். மலேசியாவில் பிறந்து தமிழ் படிக்கத் தெரியாத ஒரு பெண் அந்த ஆங்கில வரியைப் பிடித்துக்கொண்டுதான் எங்களிடம் வந்தாள், இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். வேறு எவருடைய இசையையும் இரவல் வாங்காதீர்கள். உரிமைக் கோரிக்கை வந்துவிடும். மத்தளம் இருக்கிறதே, அது போதும். கோயிலுக்குள் அனுமதியில்லாமல் கேமராவைத் திறக்கவே திறக்காதீர்கள்.

நாங்கள் அடுத்து எடுப்பது சிங்கனும் அவன் கூட்டாளி நூவனும் பறவை பிடிக்கும் காட்சி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு குருவியைப் பிடித்து நடித்துக் காட்ட எனக்கு மனம் வராது. கண்ணி முடிவது எப்படி என்பதை மட்டும் காட்டுகிறோம். கண்ணி காலியாகவே இருக்கும், நடிகனின் கண் பறவையைப் பார்க்கும். பறவைகளின் குரலை ஐந்தருவிப் பக்கம் விடியலில் போய்ப் பதிவு செய்து வைத்திருக்கிறோம்.

ஆர்மோனியத்தைக் கேட்டவர் இப்போது எங்களோடு இருக்கிறார். பழைய சின்ன மேளத்தில் ஆட்டத்துக்குப் பின்னால் நின்று வாசித்த முகவீணை என்ற ஊதுகருவியை அவர்தான் நினைவுபடுத்தினார். தன் வீட்டுப் பரணிலிருந்து ஒன்றை எடுத்துவந்து துடைத்துக் கொடுத்தவரும் அவரே. அதற்குச் சீவாளி இன்னும் சரியாக அமையவில்லை. தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சீவிக்கொண்டிருக்கிறார். பதிவை இரண்டு வாரம் தள்ளிவைத்திருக்கிறோம். அவர் சீவுவதை என் மாணவி ஒருத்தி தினமும் எதிரே உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.