மாடு ஏன் நேரே மலை ஏறுவதில்லை?



சமநிலத்து வயல்களை விட்டு இடம்பெயர்ந்து கண்டி மலைச்சரிவுகளில் வாழும் நம்மில் பலருக்கு ஒரு மாடோ இரண்டு ஆடுகளோதான் இன்று கைமுதல். அவற்றின் நடையைச் சற்றுக் கவனிப்போம்.

செங்குத்தான சரிவில் மாடு நேரே ஏறாது. சாய்வாக நடந்து, திரும்பி, மீண்டும் சாய்வாக ஏறும். ஏறுவதென்றால் தன் உடற்பாரத்தையே தூக்குவதாகும். சாய்வுப் பாதை நீளமானாலும் தசைக்கும் மூச்சுக்கும் இலகுவானது. யானையும் அப்படியே. வட கென்யாவில் யானைகளின் நடமாட்டத்தை ஆராய்ந்தவர்கள், அவை மலையேறுவதைத் தவிர்க்கின்றன என்று 2006இல் எழுதினார்கள். பேராதனைப் பூங்காவின் பழந்தின்னி வௌவால்கள் பகல் முழுதும் தொங்குகின்றன. உடற்பாரமே கால் தசைநாண்களை இறுக்கிப் பிடிப்பதால், தொங்குவதற்கு அவை சக்தியைச் செலவிடுவதில்லை.

சக்தியின் வரவு செலவு

மாடு உண்ணும் தீவனம் முதலில் உயிர் வாழ்வதற்கும் நடப்பதற்கும் செலவாகிறது. மீதியே பாலாகிறது. மீதி போதாவிட்டால் மாடு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பால் தரும், மெலியும், மறுபடி சினைப்படத் தாமதமாகும். ஆகவே வீணான ஒவ்வோர் ஏற்றமும் நமக்கு நட்டமே.

நாம் செய்யக்கூடியவை

1. பட்டிக்கு அருகே, சரிவுக்குக் குறுக்காகக் கினிப்புல்லை வரிசையாக நடுங்கள். அது மண்ணையும் தடுக்கும். பட்டிக்கு மேற்பக்கம் நட்டால் புற்கட்டைச் சுமந்து ஏற வேண்டியதில்லை.

2. தண்ணீரைப் பட்டியிலேயே வையுங்கள். வழக்கமாகக் குடிப்பதைவிட, கறக்கும் ஒவ்வொரு லீற்றர் பாலுக்கும் 3 முதல் 4 லீற்றர் தண்ணீர் மேலதிகமாகத் தேவை.

3. உச்சி வெயிலில் நிழலில் படுத்து அசைபோட விடுங்கள். வெயிலில் இளைப்பதும் சக்திச் செலவே.

4. பாதையைச் சாய்வாக வெட்டுங்கள். நேர்ப்பாதை மழைக்காலத்தில் நீரோடையாகி மண்ணை அரித்துச் செல்லும்.

இதற்காக மாட்டை எந்நேரமும் கட்டி வைக்கவும் கூடாது. நடை இல்லாவிட்டால் குளம்பு வளர்ந்து கோணும். வேட்கைக்கு வரும் அறிகுறியும் தெரியாமற் போகும். பட்டியைச் சுற்றி அளவான நடமாட்டம் வேண்டும்.

கலந்துரையாடுவோம்

1. புல்லுக்கும் தண்ணீருக்குமாக நமது மாடு நாளொன்றுக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது?

2. நமது வீட்டில் புல்லையும் தண்ணீரையும் சுமப்பவர் யார்? மாட்டின் ஏற்றத்தைக் குறைக்கும்போது அந்தத் தாயின், அந்தப் பிள்ளையின் ஏற்றத்தையும் குறைக்க என்ன வழி?