மணி அடிக்குமுன் வரும் எண்



தம்பி, உன் கடிதம் கிடைத்தது. நீ ஒரு கடைக்கு அமைத்துக் கொடுத்த தொலைபேசி ஏற்பாட்டில் அழைப்பு வருகிறது, பேச்சும் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் அழைப்பவருடைய எண் மட்டும் திரையில் தோன்றுவதில்லை என்றும், ஒரு வாரமாக மென்பொருளின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை என்றும் எழுதியிருந்தாய். பழைய செம்புக் கம்பி இணைப்பில் கை வைக்கிற இளைஞர் பலருக்கும் இந்தச் சங்கடம் நேர்வதால், உனக்குச் சொல்வதை அவர்களும் படிக்கட்டும் என்று பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

எண் வரவில்லை என்று நீ சொல்கிறாய். அது வந்து, கேட்பாரில்லாமல் போயிருக்கலாம் என்பது என் சந்தேகம். அமெரிக்காவில் வகுக்கப்பட்ட பெல் முறைப்படி, முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவிலுள்ள நிசப்தத்தில், 1200, 2200 ஹெர்ட்ஸ் என்னும் இரண்டு ஸ்வரங்கள் விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் மாறி மாறி ஒலித்து எண்ணைச் சொல்லிவிடுகின்றன. நம் தேசத்து இணைப்பகங்கள் பலவற்றிலோ, மணி அடிப்பதற்கு முன்னரே, கம்பியின் துருவம் மாறிய கையோடு, நாம் பொத்தானை அழுத்தும்போது கேட்கிற அதே டிடிஎம்எஃப் ஒலிகளாக எண் வந்துவிடுகிறது. அந்த ஒலிகளில் மொத்தம் பதினாறு குறிகள் உண்டு. நம் வீட்டுத் தொலைபேசியில் பொத்தானே இல்லாத ஏ, பி, சி, டி என்ற நான்கில், ஏ அல்லது டி எண்ணின் தொடக்கத்தையும் சி அதன் முடிவையும் அறிவிக்கின்றன. நீ பயன்படுத்தும் தொலைபேசி மென்பொருளான ஆஸ்டரிஸ்க், 1999-இல் அமெரிக்காவில் பிறந்தது. வேறு உத்தரவு கொடுக்காதவரை பெல் முறையையே எதிர்பார்த்து, மணி அடித்த பிறகே காது கொடுக்கும். மணிக்கு முன்னால் வந்துபோன எண்ணை அது எப்படி அறியும்? முறையை டிடிஎம்எஃப் என்றும், தொடக்க அடையாளத்தைத் துருவ மாற்றம் என்றும் மாற்றிவிடு. இந்திய இணைப்புகளுக்கென்றே தனியாக ஒரு தேர்வு அதில் இருக்கிறது, அதையும் பரீட்சித்துப் பார். எண் காட்டும் வசதி அந்த இணைப்புக்குத் தரப்பட்டிருக்கிறதா என்று இணைப்பகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் அவசியம்.

இவ்வளவு செய்தும் எண் தோன்றாவிட்டால், அல்லது அரைகுறையாகத் தோன்றினால், கணினியை விட்டு எழுந்து கம்பியின் பக்கம் போக வேண்டும். அரைகுறை எண் என்பது அலட்சியம் செய்யத்தக்கதன்று. அது ஒரு லட்சணம். பெல் முறையில் செய்தியின் கடைசியில் சரிபார்ப்புத் தொகை ஒன்று வருவதால், நடுவில் ஓர் எழுத்துக் கெட்டாலும் கருவி முழுவதையும் தள்ளிவிடும். ஆகையால் அங்கே எண் முழுதாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. டிடிஎம்எஃப் முறையில் அத்தகைய காவல் இல்லை. பத்து இலக்கத்தில் எட்டு வரும், ஒன்று இரட்டித்து வரும். எது எப்படிக் குறைகிறது என்பதைக் கவனித்தாலே நோயின் பாதி விளங்கிவிடும்.

பல வருஷங்களுக்கு முன், ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரியின் கடையில் நான் மூன்று நாள் திண்டாடினேன். நான்கு இணைப்புகளில் மூன்று சரி; ஒன்றில் மட்டும் காலை முதல் அழைப்புகளில் எண் வராது, வந்தாலும் இரண்டொரு இலக்கம் உதிர்ந்திருக்கும். பேச்சு மணி போலக் கேட்டதால் கம்பியில் குற்றமில்லை என்று தீர்மானித்து, கம்பியிலிருந்து வரும் ஒலியை, கம்பியைக் கணினியோடு சேர்க்கும் கார்டு வாங்கிக்கொள்ளும் அளவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மாலை, லைன்மேன் ஒருவர் மாடிக்கு அழைத்துப்போய், தண்ணீர்த் தொட்டியின் அடியில் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தார். முறுக்கிச் சுற்றிய இன்சுலேஷன் டேப்பைப் பிரித்ததும், உள்ளே செம்பு தெரியவில்லை. பச்சைக் களிம்புதான் தெரிந்தது. களிம்பு ஏறிய பகுதியை வெட்டி எறிந்து, புதிதாகச் சீவிய முனைகளைக் கனெக்டரில் வைத்து இறுக்கினார். அதற்குப் பிறகு எண் தவறவில்லை.

பேச்சு ஏன் கெடவில்லை என்று கேட்பாய். ரிசீவரை எடுத்தவுடன் கம்பியில் மின்னோட்டம் பாய்கிறது. அந்த ஓட்டமே களிம்பின் மெல்லிய படலத்தை உடைத்து இணைப்பைத் தற்காலிகமாகத் திருத்திவிடுகிறது. மணிக்குரிய உயர்ந்த மின்னழுத்தமும் அதையே செய்யும். ஆனால் எண்ணோ, ரிசீவர் எடுக்கப்படாமல், மணியும் அடிக்காமல், கம்பி உறங்குகிற க்ஷணத்தில் வருவது. களிம்பின் முழுத் தடையையும் அது ஒன்றே சுமக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பேச்சின் தெளிவை ஒருபோதும் அத்தாட்சியாகக் கொள்ளாதே.

கார்டின் உள்வரும் அளவை ஏற்றுவதைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது கடைசி மருந்து. ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும்; பேச்சில் எதிரொலி கிளம்பும்; நோயை மறைத்துவிட்டு வேறொரு நோயைக் கொடுத்தவன் ஆவாய்.

நீ செய்ய வேண்டியது இதுதான். எண் காட்டும் சாதாரணத் தொலைபேசி ஒன்றை எடுத்து, அதில் புதிய பேட்டரி போடு. பேட்டரி தீர்ந்த கருவியை நம்பிக் கம்பியைக் குறை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டடத்துக்குள் கம்பி நுழைகிற இடத்துக்குப் போய், உள்ளே போகும் கிளைகள் யாவற்றையும் கழற்றிவிட்டு, அந்த ஒரு கருவியை மட்டும் மாட்டு. முனைகளை ஈரக் கையால் தொடாதே. சும்மா இருக்கும்போது 48 வோல்ட்தான், மணி அடிக்கும்போது மின்னழுத்தம் ஏறி உடம்பை உலுக்கிவிடும். அங்கே எண் தெரிந்தால் குற்றம் உள்ளே. ஃபேக்ஸ், பிராட்பேண்ட் ஸ்பிளிட்டர், முதலாளியின் அறையில் யாரோ இணையாகக் கொடுத்த பழைய கருவி என்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வா. கம்பி நுழைகிற இடத்திலேயே தெரியாவிட்டால் குற்றம் வெளியே. லைன்மேனை அழை, அவரோடு நீயும் ஏணி ஏறு.

நாளைக் காலையில், கடை திறப்பதற்கு முன், கைப்பேசியிலிருந்து பத்து முறை அழைத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் திரையில் என்ன தெரிந்தது என்பதை உள்ளது உள்ளபடி ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு.