வெட்டாமல் மரத்தை நிறுப்பது எப்படி?

ஒளித்தொகுப்பின்போது தாவரங்கள் காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கின்றன என்பது விஞ்ஞானப் பாடத்தில் நாம் படித்ததே. அந்த வாயுவிலுள்ள காபன்தான் அடிமரமாகவும் கிளையாகவும் வேராகவும் தங்குகிறது. அப்படியானால் ஒரு காட்டில் எவ்வளவு காபன் இருக்கிறது? காட்டைத் தராசில் ஏற்ற முடியாதே!

வேலை ஒரு சாதாரண அளவுநாடாவில் தொடங்குகிறது. நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், ஏறக்குறைய நம் நெஞ்சு மட்டத்தில், மரத்தின் சுற்றளவை அளந்து விட்டத்தைக் கணிக்கிறார்கள். பலகைபோல் விரிந்த வேர்கள் குறுக்கிட்டால் அவற்றுக்கு மேலே அளக்க வேண்டும். பிறகு மரத்தின் உயரம், அந்த இன மரத்தின் அடர்த்தி. மிகுதியைச் சமன்பாடு பார்த்துக்கொள்ளும். வெப்பவலயக் காடுகளுக்குப் பெரிதும் பயன்படும் ஒரு சமன்பாட்டை ஜெரோம் ஷாவ் என்பவரும் சகாக்களும் 2014இல் வெளியிட்டனர். வெட்டாமல் நிறுக்க உதவும் இச்சமன்பாடு, வெட்டி அளக்கப்பட்ட 4,004 மரங்களின் தரவிலிருந்து பிறந்தது என்பதுதான் விந்தை.

விட்டம் 40 சென்ரிமீற்றர், உயரம் 25 மீற்றர், அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.6 கிராம் உள்ள ஒரு மரத்தை எடுப்போம். நிலத்துக்கு மேலே அதன் உலர்திணிவு சுமார் 1,270 கிலோகிராம் என்று வருகிறது. அதில் 47 சதவீதம் காபன் எனக் கொண்டால் ஏறத்தாழ 600 கிலோகிராம். அதை 44/12 ஆல் பெருக்கினால், காற்றிலிருந்து எடுக்கப்பட்ட காபனீரொட்சைட்டு சுமார் 2,200 கிலோகிராம்.

இது சேமிப்பு மட்டுமே. வங்கிப் புத்தகத்தின் மீதியைப் பார்த்து இவ்வருடம் எவ்வளவு வைப்பிலிட்டோம் என்று சொல்ல முடியுமா? உறிஞ்சும் அளவை அறிய, சில வருடங்களின் பின் அதே மரத்தை அதே இடத்தில் மீண்டும் அளக்க வேண்டும். நம் மரத்தின் விட்டம் ஒரு சென்ரிமீற்றர் கூடினால், உயரம் மாறாவிட்டாலும், ஏறத்தாழ 29 கிலோகிராம் காபன் சேர்ந்திருக்கும். நாடா சற்று இடம் மாறினால் கணக்கும் பிழைத்துவிடும். அதனால்தான் அளந்த இடத்தில் வர்ணக் கோடு இடுகிறார்கள்.

சிங்கராஜ வனத்தில் 1993இல் அமைக்கப்பட்ட 25 ஹெக்டேயர் ஆய்வு நிலத்தில், ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள கன்றுகளுக்கும் இலக்கத்தகடு உண்டு. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மரங்கள்! அத்தனையையும் திரும்பத் திரும்ப அளப்பவர்களின் பொறுமையை என்னவென்பது!

இன்று விண்வெளியிலிருந்து லேசர் கதிரால் காட்டின் உயரத்தை அளக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து பார்த்தால் பஞ்சுபோன்ற இலவ மரமும் இரும்புபோன்ற நாக மரமும் ஒரே உயரம்தான்.