நாய் கடித்தால் முதலில் சவர்க்காரம்

இடம்பெயர்ந்தபோது சட்டி பானையை விட்டு வந்தோம். நாய் மட்டும் பின்னாலேயே வந்துவிட்டது. இப்போது அது கொட்டிலில் பிள்ளைகளோடு படுக்கிறது. ஆகவே விசர்நோயைப் பற்றி நாம் அறிந்திருத்தல் அவசியம்.

விசர்நாய் என்றதும் ஓடியோடிக் கடிக்கும் நாயையே எண்ணுகிறோம். அடங்கிக் கிடக்கும் விசரும் உண்டு. அந்த நாய் மூலையில் ஒதுங்கும். தாடை தொங்கும், வீணீர் வடியும், குரல் மாறும், விழுங்க இயலாது. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதென்று இரக்கப்பட்டு வாய்க்குள் கைவிடுவோர் உண்டு. விடவே கூடாது. கிருமி உமிழ்நீரில் இருக்கிறது. விரலில் ஒரு கீறல் போதும்.

கடித்தாலோ பிறாண்டினாலோ, பூனையாயினும் சரி, காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லையென்றால் செம்பால் ஊற்றி ஊற்றிக் கழுவலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் பத்து நாளாவது கட்டிவைத்துக் கவனியுங்கள். ஆனால் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பின்போடாதீர்கள்.

இன்னொன்று. பூனைக்குச் சுகமில்லையென்று பனடோல் கொடுப்போரும் நம்மிடையே உண்டு. ஒரு குளிசையே அதைக் கொன்றுவிடும். நாய்க்கும் நமது குளிசைகள் வேண்டாம்.

நாய், பூனைக்கு வருடந்தோறும் விசர்த் தடுப்பூசி போடுவியுங்கள். ஊசி போடும் நாளில் வளர்த்தவரே நாயைப் பிடிக்க வேண்டும், பிள்ளைகளை அனுப்பாதீர்கள். ஊசி அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்திருங்கள்.