யோசனை தேடும் பிள்ளைகளுக்கு

டிசைன் படிப்பின் முதல் புராஜெக்ட்டுக்குத் தென்காசிப் பக்கம் வந்திருக்கிறீர்கள். இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன்.

1. வந்ததும் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். சீசன் நேரத்தில் குற்றாலம் பேரருவிக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். செல்போனை யாரிடம் கொடுப்பது என்று முழிப்பவர், ஈரத்துணியோடு உடைமாற்ற இடம் தேடுபவர், வழுக்கும் தரையில் பாட்டியைத் தாங்கிப் பிடிப்பவர். கண்டதை மட்டும் எழுதுங்கள். தீர்வு பிறகு.

2. கூடிப் பேசும் முன் தனியாக யோசியுங்கள். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள்: தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியலைச் சேர்த்தால், ஒன்றாக உட்கார்ந்து யோசித்த நால்வருடையதைவிட நீளம். அதன்பின் காகிதத்தைக் கைமாற்றுங்கள். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. அரை மணியில் 108 சேரும். வாய் திறக்காத பிள்ளையின் யோசனையும் அதில் ஏறிவிடும்.

3. பக்கத்து மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கும்போது ஆப் வேண்டாம் என்பேனா? ஆனால் பட்டியலில் பாதி ஆப் என்றால், நீங்கள் தெருவில் நடக்கவே இல்லை.

4. கைதூக்கித் தேர்ந்தெடுக்காதீர்கள்; வாய்ச்சாலகன்தான் ஜெயிப்பான். ஸ்டூவர்ட் பியூ என்ற பிரிட்டிஷ் பேராசிரியரின் முறை நல்லது. புழக்கத்தில் இருக்கும் பொருளை அளவுகோலாக வைத்து, ஒவ்வொரு தகுதிக்கும் கூட்டல், கழித்தல், சமம் போடவேண்டும். உதாரணத்துக்கு, இந்த வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். மடியில் சுளகு, குனிந்த கழுத்து, முதுகுவலி. உடனே எல்லாரும் மேசை வரைவீர்கள். அதைச் சுளகோடு ஒப்பிடுங்கள். சுளகுக்கு எடை கிடையாது. இலை, தூள், நூல், கத்தரி எல்லாம் கையெட்டும் தூரத்தில். பிள்ளை அழுதால் இறக்கி வைத்துவிட்டு எழலாம், பேச்சுத்துணைக்குப் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தூக்கிப் போகலாம், வேலை முடிந்தால் சுவரில் சாய்க்கலாம். மேசைக்கு முதுகில் ஒரு கூட்டல், மற்றதெல்லாம் கழித்தல். உடனே மேசையைக் கிழித்துப் போடவும் வேண்டாம். அந்த ஒரு கூட்டலைச் சுளகுக்குக் கொண்டுவர முடியுமா? அடியில் ஒரு முட்டு, முதுகுக்கு ஒரு சாய்மானம்? பியூ அட்டவணை போட்டதே இப்படி ஒன்றின் நல்லதை இன்னொன்றில் சேர்க்கத்தான். மார்க் கூட்டிப் போட்டு முடித்துவிடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

5. அருவிக்குச் சோப்பு டப்பா வடிவமைக்காதீர்கள். அங்கே சோப்பு, ஷாம்பு போடத் தடை. இடத்தின் விதிகளை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. ஒப்பிட்டபின் மிஞ்சிய இரண்டு யோசனைகளை அட்டையில் செய்து, பீடி சுற்றும் அந்த அக்காக்களிடமே கொடுங்கள். "நல்லாருக்கு தம்பி" என்பார்கள், அது மரியாதைக்கு. மறுநாளும் தாமாக எடுக்கிறார்களா என்பதுதான் கணக்கு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் அவர்களுக்குக் கூலி. உங்களோடு செலவழித்த நேரத்துக்கான காசைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.