உளியின் முனை ஏன் பறந்தது?

என் பாதுகாப்புக் கண்ணாடியின் இடது வில்லையில் ஒரு கீறல் இருக்கிறது. ஆய்வகத்தில் அதைப் பார்க்கும் மாணவர்கள், "சார், கீழே போட்டுட்டீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. என் வீட்டுக் கொல்லுலையில் நானே அடித்துச் செய்த ஓர் உளியின் முனை, முதல் நாள் பயன்படுத்தியபோதே உடைந்து பறந்து வந்து பட்ட இடம் அது. அன்று கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

இத்தனைக்கும் எஃகில் குறையில்லை, சூட்டிலும் குறையில்லை. கடைசியில் செய்ய வேண்டிய ஒரு வேலையை அவசரத்தில் விட்டுவிட்டேன். அது என்ன வேலை, அதை விட்டால் எஃகு ஏன் கண்ணாடிபோல் நொறுங்குகிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். முதலில் உலையைச் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

என் உலை ஒரு பழைய லோரி பிரேக் டிரம். அதன் அடியில் ஓர் இரும்புக் குழாய், குழாயின் மறுமுனையில் முடி உலர்த்தும் கருவி. அந்தக் காலத்துத் துருத்தியின் வேலையை இது செய்கிறது. எரிபொருள் கரி. பேராக்கில் கோலா செபெத்தாங் சூளைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சதுப்புநில மரத்தில் செய்யும் கரி நன்றாக எரியும். சும்மா கிடந்தால் அது சாத்தே சுடத்தான் ஆகும். காற்றை ஊதினால் ஒவ்வொரு நொடியும் அதிக உயிர்வளி கரியைச் சேர்கிறது, வெப்பம் வேகமாக வெளியாகிறது, இரும்பு மஞ்சளாக ஒளிரும் அளவுக்குச் சூடேறுகிறது. ஆனால் அளவுக்கு மீறி ஊதினால் மிஞ்சிய உயிர்வளி இரும்போடும் வினைபுரிந்து கரிய செதில்களாக உரித்துவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும், அதற்கு மணமில்லை. ஆகவே உலை திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும், கார் நிறுத்தும் மூடிய இடத்தில் கூடாது. மற்றொன்று, காற்றுக் குழாய்க்கோ அடித்துச் செய்யும் பொருளுக்கோ துத்தநாகம் பூசிய இரும்பைத் தொடவே கூடாது. துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும். உலை அதைவிடச் சூடானது. அந்த வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். கூடவே ஒரு பெரியவர் இல்லாமல் இதில் எதையும் தொடங்காதீர்கள்.

அடுத்தது பட்டடை. புதிய பட்டடை விலை அதிகம். நான் பழைய இரும்புக் கடையில் 20 கிலோ எடையுள்ள தண்டவாளத் துண்டு ஒன்றை வாங்கினேன். எடை ஏன் முக்கியம்? உந்தம் பாடத்தை நினைவுபடுத்துங்கள். 1 கிலோ சுத்தியல் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. இயக்க ஆற்றல் 32 ஜூல். மோதியபின் சுத்தியலும் பட்டடையும் சேர்ந்தே நகர்வதாக வைத்துக்கொண்டால், 20 கிலோ பட்டடையோடு அவற்றின் வேகம் விநாடிக்கு 0.38 மீட்டர்தான். ஏறக்குறைய 1.5 ஜூல் மட்டுமே இயக்கமாக வீணாகிறது, மீதி 30.5 ஜூலும் சூடான இரும்பை நசுக்கப் போகிறது. பட்டடைக்குப் பதிலாக 2 கிலோ இரும்புக் கட்டி என்றால்? நீங்களே கணக்கிடுங்கள்: மூன்றில் ஒரு பங்கு வீணாகும். தண்டவாளத்தைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி மரத்துண்டில் பதித்திருக்கிறேன். அப்போதுதான் அடி விழும் இடத்துக்கு நேர் கீழே முழு எடையும் இருக்கும். மெல்லிய நடுப்பகுதி வளைந்து ஆற்றலைத் தின்னாது.

இனி உளி. லோரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்தப் பட்டை ஸ்பிரிங்கின் ஒரு துண்டில்தான் செய்தேன். கட்டடக் கம்பி மலிவாகக் கிடைக்கும்போது ஸ்பிரிங் எதற்கு என்றால், கரிமத்துக்காக. சாதாரண மென்னெஃகில் கரிமம் 0.25 விழுக்காட்டுக்கும் குறைவு. ஸ்பிரிங் எஃகில் அரை விழுக்காட்டுக்கு மேல். மர அரத்தில், இரும்பு அரத்தில் 1 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். நூறில் ஒரு பங்குகூட இல்லாத இந்தக் கரிமம்தான் கூர் நிற்குமா மழுங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. மின்காந்தத் தூண்டலில் நீங்கள் படிக்கும் மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். தென்னிந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன புகழ்பெற்ற 'வூட்ஸ்' எஃகை 1819இல் அவர் ஆராய்ந்து, அதன் சிறப்புக்கு அலுமினியம் காரணமாக இருக்கலாம் என்று எண்ணினார். அது தவறு, அந்த எஃகின் சிறப்பு அதிலுள்ள மிகுந்த கரிமத்தில் இருந்தது. ஃபாரடேக்கே சறுக்கியது என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டு.

அறை வெப்பத்தில் இரும்பு அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் அமர்ந்திருக்கும். அந்த அமைப்பில் கரிம அணு நுழைய இடமே இல்லை எனலாம்; 0.02 விழுக்காடுதான் கரையும். மீதிக் கரிமம் இரும்போடு சேர்ந்து தனிச் சேர்மமாக ஒதுங்கி நிற்கும். 727 பாகை செல்சியஸைத் தாண்டியதும் அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொள்ளத் தொடங்குகின்றன: மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும். இதன் பெயர் ஆஸ்டெனைட். இந்த அமைப்பின் இடைவெளிகளில் கரிமம் தாராளமாகக் கரையும்.

வீட்டு உலையில் வெப்பமானி இல்லை. அந்த வெப்பம் வந்துவிட்டதை எப்படி அறிவது? நிறம் ஒரு வழி. சூடேறும் திடப்பொருள்கள் ஏறக்குறைய 525 பாகையில்தான் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரத் தொடங்கும் என்று ஜான் டிரேப்பர் 1847இல் காட்டினார். மங்கிய சிவப்பு, பிறகு பளிச்சென்ற சிவப்பு, 900ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 1100 வாக்கில் மஞ்சள். நம் ஊர் வெயிலில் மங்கிய சிவப்பு கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் கொல்லர்கள் நிழலில் வேலை செய்கிறார்கள்.

இன்னொரு வழி காந்தம். தூய இரும்பு 770 பாகையில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கிறது. ஆஸ்டெனைட்டையும் காந்தம் ஈர்க்காது. ஆகவே கம்பியில் கட்டித் தொங்கவிட்ட காந்தம் சிவந்த உளியிடம் போகாமல் நின்றால், இன்னும் கொஞ்சம் மட்டும் சூடேற்றி எடுக்கலாம். நான் முதன்முதலில் செய்து பார்த்தபோது காந்தம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அன்று இதையெல்லாம் ஒழுங்காகவே செய்தேன். சிவந்த உளியை வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் நேராக இறக்கினேன். பக்கத்தில் உலோக மூடியும் வைத்திருந்தேன், எண்ணெய் தீப்பிடித்தால் மூட. தண்ணீர் இன்னும் வேகமாகக் குளிர்விக்கும். ஆனால் இந்த வகை எஃகில் விரிசல் விடலாம். திடீரென்று குளிரும்போது இரும்பு பழைய அமைப்புக்குத் திரும்பப் பார்க்கிறது, கரிமத்துக்கோ வெளியேற நேரமில்லை. சிக்கிய கரிமம் அணு அடுக்கை இழுத்து நீட்டிவிடுகிறது. அடோல்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரால் இதை மார்ட்டென்சைட் என்பார்கள். அரத்தை உளிமேல் உரசிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. மகிழ்ச்சி தாங்கவில்லை. அப்படியே எடுத்துப்போய் ஓர் ஆணியின் தலையில் வைத்து ஓங்கி அடித்தேன்.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

கடினமும் முறியாத் தன்மையும் ஒன்றல்ல. வெளியிலிருந்து வரும் அடியை மென்னெஃகு வளைந்து கொடுத்து வாங்கிக்கொள்ளும். மார்ட்டென்சைட்டில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்க முடியாதபடி இறுகிக் கிடப்பதால் ஒரே வழி, பிளப்பதுதான். நான் விட்டுவிட்ட வேலை, அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவது: கடினமாக்கிய எஃகை மறுபடி, இம்முறை மிதமாக, சூடாக்குவது. சிக்கிய கரிமத்தில் ஒரு பகுதி வெளியேறி நுண்துகள்களாகப் படியும். கடினம் சற்றுக் குறையும், முறியாத் தன்மை ஏறும். இதைத்தான் பதம் பார்ப்பது என்கிறோம்.

இதற்கும் வெப்பமானி தேவையில்லை. உளியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மெதுவாகச் சூடேற்றினால், மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் வளரும். மழைக்குப் பின் சாலையில் எண்ணெய்ப் படலம் வண்ணம் காட்டுமே, அதே ஒளிக் குறுக்கீடு. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்: 220 முதல் 230 பாகையில் வெளிர் வைக்கோல் நிறம், 255 வாக்கில் பழுப்பு, 280 வாக்கில் ஊதா, 300இல் நீலம். அடி வாங்கும் உளிக்கு ஊதா ஏற்றது. இரண்டாவது உளியை ஊதா வரும்வரை விட்டு எடுத்தேன். இன்றும் பயன்படுத்துகிறேன்.

உலை இல்லாமலே இதைப் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்து பார்க்கலாம். மூன்று தையல் ஊசிகள், இடுக்கி, பன்சன் சுடரடுப்பு போதும். எல்லாரும் கண்ணாடி அணியுங்கள். மூன்றையும் தனித்தனியே நன்றாகச் சிவக்கச் செய்யுங்கள். முதல் ஊசியைச் சுடரிலிருந்து மெல்ல மெல்ல உயர்த்தி ஆறவிடுங்கள். மற்ற இரண்டையும் உடனே தண்ணீரில் போடுங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து இரும்புத் தகட்டின் மேல் வைத்து, தகட்டைக் கீழிருந்து சூடாக்கி, ஊசி நீலமானதும் எடுங்கள். ஆறிய பிறகு மூன்றையும் துணியால் மூடிப் பிடித்து வளைத்துப் பாருங்கள். எது வளைகிறது, எது முறிகிறது, எது வளைந்து திரும்பி நிமிர்கிறது? அந்த நீல ஊசியை மறுபடி சிவக்கச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் என்ன ஆகும் என்பதை, செய்வதற்கு முன்பே நோட்டில் எழுதி வையுங்கள்.